நான்காம் இடத்து அணியின் ஷோர்ட்ஸ்டொப்புக்கு என் முதல் வாக்கு

கணினியில் நாங்கள் நடத்தும் பேஸ்போல் லீக்கின் 162 ஆட்டங்களும் முடிந்துவிட்டன. பிளேஓஃப் என்ற இறுதிச் சுற்றுக்கான கணினிக் கோப்பை, லீக்கை நடத்தும் கொமிஷனர் இன்னும் ஓட்டவில்லை. மிகப் பெறுமதியான வீரருக்கான விருதை, நாங்கள் எம்விபி என்று சுருக்கமாகச் சொல்வதை, யாருக்கு வழங்குவது என்று வாக்குச் சீட்டுகள் வந்து சேரவேண்டிய இடைவெளி இது. கண்ணகை அம்மன் சடங்குக் காலத்தில் கொம்புமுறிக்காக ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நிற்பதைப் போல எங்கள் லீக்கும் இப்போது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு தரப்பு, முதலாம் இடம் பெற்ற அணியின் முதல் தள வீரருக்காக வாதாடுகிறது. ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றிவரும் ஹோம் ரன்களிலும், தன் அடியால் அணிக்குப் பெற்றுத்தரும் ஓட்டங்களான ஆர்பிஐ கணக்கிலும் இந்தப் பருவகாலத்தில் அவரை மிஞ்சியவர் இல்லை. மறுதரப்பு, தன் பிரிவில் நான்காம் இடத்தோடு நின்றுவிட்ட ஓர் அணியின் ஷோர்ட்ஸ்டொப்பை, அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கிடையே களத்தடுப்பில் நிற்பவரை, முன்வைக்கிறது. அட்டவணைகளின் உச்சியில் அவருடைய பெயரைத் தேடினால் எங்குமே கிடைக்காது. இவர்களுக்கு அப்பால் பந்து வீசும் ஒரு பிட்சரின் பெயரும் அடிபடுகிறது. நான் ஷோர்ட்ஸ்டொப்பின் பக்கம் நிற்கிறேன். அதற்கான காரணங்களைக் குழுவில் துண்டு துண்டாக எழுதியதில் பல நழுவிப்போயின. ஆகையால் முழுமையாக இங்கே எழுதுகிறேன்.

இந்த லீக் கணினிக்குள் நடப்பது. ஜெர்மனியரான மார்கஸ் ஹைன்சொன் உருவாக்கி 1999இல் முதற்பதிப்பு வெளிவந்த ‘அவுட் ஒவ் த பார்க் பேஸ்போல்’ என்ற மென்பொருள், ஒவ்வொரு வீரருக்கும் பந்தைத் தொடும் திறன், பலம், பொறுமை, ஓட்ட வேகம், களத்தடுப்பு என்று தனித்தனி மதிப்பீடுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துடுப்பாட்ட வாய்ப்பின் முடிவையும் நிகழ்தகவின்படி தீர்மானிக்கிறது. வீரர்களைத் தேர்வதும், பரிமாறுவதும், துடுப்பாட்ட வரிசையை அமைப்பதும் எங்கள் வேலை. ஆடுவது இயந்திரத்தின் வேலை. ஒவ்வொருவரும் தத்தம் அணியின் கோப்பை அனுப்பியதும் கொமிஷனர் ஒரு வாரத்துக்குரிய ஆட்டங்களை ஓட்டி முடிவுகளை வெளியிடுவார். இத்தகைய ஆட்டங்கள் கணினியோடு பிறந்தவையல்ல. ஹல் ரிச்மன் என்ற அமெரிக்கர் 1961இலேயே அட்டைகளையும் தாயக்கட்டைகளையும் வைத்து ‘ஸ்ட்ரட்-ஓ-மெட்டிக்’ என்ற விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1981இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் அமெரிக்காவின் நட்சத்திர ஆட்டம் தள்ளிப்போனபோது, கிளீவ்லண்ட் மைதானத்தில் அந்த ஆட்டத்தைத் தாயக்கட்டை உருட்டியே நடத்தினார்கள்.

மட்டக்களப்பில் பேஸ்போல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வெபர் மைதானம் எவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த அருட்தந்தை ஹரல்ட் வெபர் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. அவரைப் போன்ற அமெரிக்கக் குருமாரின் உழைப்பால் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து வேரூன்றியது; அவர்களுடைய நாட்டின் பேஸ்போலோ வேரூன்றவில்லை. ஜப்பானின் உதவியோடு பேஸ்போலுக்கென்றே அமைக்கப்பட்ட மைதானம் தியகமவில் இருக்கிறது, கிழக்கிலிருந்து அது தொலைவு. எங்களுக்கு வாய்த்தது எல்லே. எல்லே ஆடி வளர்ந்த ஒருவருக்கு, அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடி வீடு சேர்வதில் என்ன இன்பம் இருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. மீதியை ரொறன்ரோவில் குடியேறிய உறவினர்கள் செய்தார்கள். அங்கே புளூ ஜேஸ் அணியோடு ஒன்றிப்போன என் மச்சான் ஒருவர், 2020 மார்ச்சில் நாடு ஊரடங்கில் இருந்தபோது இந்த லீக்கைத் தொடங்கி வைத்தார். அப்போது அமெரிக்காவிலும் ஆட்டங்கள் நின்றுபோயிருந்தன; அந்த ஆண்டுப் பருவகாலம் யூலை இறுதியில்தான், அதுவும் 60 ஆட்டங்களாகச் சுருங்கி, தொடங்கியது. இன்று மட்டக்களப்பு, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று பல ஊர்க்காரர்கள் இதில் அணி வைத்திருக்கிறார்கள்.

மென்பொருள் தானாகவே ஒருவரை எம்விபியாக அறிவித்துவிடும். நாங்கள் அதை ஏற்பதில்லை. 1931 முதல் இந்த விருதை வழங்கிவரும் அமெரிக்க பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தின் முறையைத் தழுவி நாங்களே வாக்களிக்கிறோம். அந்தச் சங்கத்தின் வாக்குச் சீட்டில் பத்து இடங்கள் உண்டு. முதலிடத்துக்கு 14 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 9, மூன்றாம் இடத்துக்கு 8 என்று இறங்கிப் பத்தாம் இடத்துக்கு 1 புள்ளியோடு முடியும். முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையில் மட்டும் ஐந்து புள்ளி இடைவெளி வைத்திருப்பதால், முதற்பெயரை எழுதும்போது எவரும் சற்று நின்று யோசிக்கவேண்டியிருக்கும். வாக்காளர்களுக்குத் தரப்படும் குறிப்பு, பெறுமதி என்பதற்குத் தெளிவான வரைவிலக்கணம் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதோடு, துடுப்பாட்டத்திலும் களத்தடுப்பிலும் வீரர் தன் அணிக்கு அளித்த உண்மையான பங்களிப்பையும், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையையும், குணத்தையும் முயற்சியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. விருது பெறுபவர் பிளேஓஃப் சுற்றுக்குத் தகுதிபெற்ற அணியைச் சேர்ந்தவராக இருக்கவேண்டியதில்லை என்ற வரியும் அதில் உண்டு. எங்கள் விவாதத்தில் அதிகம் மறக்கப்படும் வரி அதுதான்.

முதல் தள வீரருக்காக மிக உறுதியாகப் பேசுபவர் அக்கரைப்பற்றிலிருந்து ஆடும், நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்று அழைப்பவர். எங்களில் வயதில் மூத்தவர், லீக்கின் தொடக்கத்திலிருந்து இருப்பவர். அவருடைய வார்த்தைக்கு எல்லோரிடமும் மதிப்பு உண்டு. “தம்பி, வெண்ட அணியில ஆடினவனுக்குத்தான் பெறுமதி. தோத்த அணியில எவ்வளவு அடிச்சும் என்ன பிரயோசனம்?” என்று அவர் கேட்டார். கிரிக்கெட்டில் ஆட்டநாயகன் விருது பெரும்பாலும் வென்ற அணிக்கே போவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி இயல்பானதாகவே படும். அவருடைய இரண்டாவது வாதம் ஆர்பிஐ பற்றியது. தளங்களில் நிற்பவர்களைத் தன் அடியால் வீடு சேர்த்து அணிக்குப் பெற்றுத்தந்த ஓட்டங்களின் கணக்கு அது. லீக்கிலேயே அதிக ஓட்டங்களை இப்படிப் பெற்றுத்தந்தவர் ஒருவர் இருக்கையில் வேறொருவரைத் தேடிப் போவானேன் என்கிறார் காக்கா.

ஆர்பிஐயை நான் அலட்சியம் செய்யவில்லை, அந்த ஓட்டங்கள் உண்மையானவை. ஆனால் ஒருவர் வீடு சேர்ப்பதற்கு மற்றொருவர் முன்கூட்டியே தளத்தில் நின்றிருக்கவேண்டும். முதலாம் இடத்து அணியில் எங்கள் முதல் தள வீரருக்கு முன்னால் ஆடும் இருவரும், அடித்தோ, நான்கு தவறான வீச்சுகளுக்காகக் கிடைக்கும் வோக் பெற்றோ தளத்தை அடைவதில் லீக்கின் முன்னணியில் இருப்பவர்கள். ஷோர்ட்ஸ்டொப்போ தன் அணியில் முதலாவதாக ஆடுபவர். அவருக்கு முன்னால் வரும் எட்டாம், ஒன்பதாம் இலக்கத் துடுப்பாட்ட வீரர்கள் லீக்கின் மிகப் பலவீனமானவர்களில் சேர்கிறார்கள். வெற்றுத் தளங்களோடு துடுப்பெடுத்து நிற்பவர் ஹோம் ரன்னைத் தவிர வேறு என்ன அடித்தாலும் ஆர்பிஐ சேராது. ஒருவருடைய அணித்தோழர்களின் திறமையை அவருடைய கணக்கில் வரவு வைத்துவிட்டு, மற்றவருடைய அணித்தோழர்களின் குறையை அவருடைய கணக்கில் பற்று எழுதுவது நியாயமாகாது. வெற்றிபெற்ற அணி என்ற வாதத்துக்கும் இதே பதில்தான் என்பதால் அதைத் தனியாக நீட்டவில்லை.

இனி, எதை வைத்து ஒப்பிடுவது? பீட் பாமர் போன்ற பேஸ்போல் புள்ளிவிவர ஆய்வாளர்கள் பல பருவகாலங்களின் ஆட்டங்களை ஆராய்ந்து, ஒவ்வொரு நிகழ்வும் சராசரியாக எத்தனை ஓட்டங்களுக்குச் சமம் என்று கணித்திருக்கிறார்கள். ஒரு வோக் ஏறக்குறைய ஓர் ஓட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு. ஒரு தள அடி அரை ஓட்டத்துக்குச் சற்றுக் குறைவு. இரு தள அடி ஏறக்குறைய 0.8, ஹோம் ரன் ஏறக்குறைய 1.4. ஆட்டமிழப்பு ஒவ்வொன்றும் கால் ஓட்டத்துக்குச் சற்று அதிகமாகக் கழிக்கும். இந்தக் கணக்கில் வோக்கும் இரு தள அடியும் தமக்குரிய இடத்தைப் பெறுகின்றன, எங்கள் ஷோர்ட்ஸ்டொப்பின் பருவகாலமே இவை இரண்டாலும் ஆனது. அப்படியும் துடுப்பாட்டத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால் முதல் தள வீரரே முன்னால் நிற்கிறார். அதை மறுத்து வாதாடுவது வீண்.

இடைவெளியை மூடுவது அவர்கள் நிற்கும் இடம். முதல் தளத்தில் நிற்பதற்கும் ஷோர்ட்ஸ்டொப்பில் நிற்பதற்கும் இடையிலுள்ள கடினத்தை ஓட்டங்களாக மாற்றும் ஓர் அளவுகோல் புழக்கத்தில் உண்டு. முழுப் பருவகாலமும் ஷோர்ட்ஸ்டொப்பாக ஆடுபவருக்கு 7.5 ஓட்டங்களைக் கூட்டி, முதல் தளத்தில் ஆடுபவரிடமிருந்து 12.5 ஓட்டங்களைக் கழிப்பார்கள். ஆக, பந்தையே தொடுவதற்கு முன்னர் இருவருக்கும் இடையில் 20 ஓட்டங்கள். பத்து ஓட்டங்கள் ஏறக்குறைய ஒரு வெற்றிக்குச் சமம் என்பது பேஸ்போல் கணிதத்தில் நிலைபெற்ற விதி. எனவே இது இரண்டு வெற்றிகள். ஓர் ஆட்டமிழப்பை ஹோம் ரன்னாக மாற்றினால் அணிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1.7 ஓட்டங்கள் என்பதால், அந்த இருபதை ஈடுசெய்ய முதல் தள வீரர் ஒரு டசன் ஹோம் ரன்களை மேலதிகமாக அடித்திருக்கவேண்டும். எங்கள் முதல் தள வீரர் அதைச் செய்தார். அதற்கு மேலும் செய்தார். ஆனால் ஷோர்ட்ஸ்டொப் வெறுமனே அந்த இடத்தில் நின்றவரல்லர். லீக்கின் ஷோர்ட்ஸ்டொப்களில் அவர் எட்டிய பரப்பும், தொடங்கி வைத்த இரட்டை ஆட்டமிழப்புகளும் முதல் வரிசையில் உள்ளவை. முதல் தள வீரரின் களத்தடுப்போ சராசரியைவிடக் கீழே. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஷோர்ட்ஸ்டொப் முன்னால் வருகிறார், சிறிய இடைவெளியில்தான். வீரரின் மொத்தப் பங்களிப்பை வெற்றிகளாகக் கூட்டிச் சொல்லும் வோர் என்ற ஒருங்கிணைந்த அளவீடும் அவரையே முன்னால் காட்டுகிறது. அந்த ஓர் எண்ணை வைத்து விவாதத்தை முடித்துவிட நான் விரும்பவில்லை. அதன் பகுதிகளைப் பிரித்துப் பார்த்தால்தான் ஏன் முன்னால் காட்டுகிறது என்பது விளங்கும்.

மெய்யான பேஸ்போலில் இத்தகைய சண்டைகளில் பெயர்பெற்றது 2012இல் மிகேல் கப்ரேராவுக்கும் மைக் ட்ரவுட்டுக்கும் இடையில் நடந்தது. டெட்ரொய்ட் டைகர்ஸ் அணியின் கப்ரேரா 0.330 சராசரி, 44 ஹோம் ரன்கள், 139 ஆர்பிஐ என்று மூன்றிலும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றார். 1967இல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்குப் பின்னர் எவரும் அடையாத மும்முடி அது. லொஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியின் ட்ரவுட் 0.326 சராசரியும் 30 ஹோம் ரன்களும் பெற்று, பந்து அடிக்கப்படாமலே ஓடி 49 தளங்களைத் திருடி, நடுக்களத்தில் அபாரமாகக் களத்தடுப்புச் செய்தார். 28 முதலிட வாக்குகளில் 22 கப்ரேராவுக்குப் போயின. டைகர்ஸ் பிளேஓஃப் சுற்றுக்குப் போனது, ஏஞ்சல்ஸ் போகவில்லை என்பது அப்போது பெரிதாகச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் அந்த ஆண்டு டைகர்ஸ் வென்றவை 88 ஆட்டங்கள். ஏஞ்சல்ஸ் வென்றவை 89. பலவீனமான பிரிவில் இருந்ததால் ஓர் அணி உள்ளே போனது, பலமான பிரிவில் இருந்ததால் மற்றது வெளியே நின்றது. காக்காவின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை என்னால் தரமுடியாது. எங்கள் ஷோர்ட்ஸ்டொப்பின் பிரிவில் அவருடைய அணிக்கு மேலே இருக்கும் மூன்றும் லீக்கின் மிகப் பலமான அணிகள்.

அணியின் நிலையைப் பாராமல் விருது வழங்கிய முன்னுதாரணங்களும் உண்டு. 1987இல் தன் பிரிவில் கடைசி இடம் பெற்ற சிக்காகோ கப்ஸ் அணியின் அன்ட்ரே டோசன் எம்விபியானார். 2003இல் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் கடைசி இடத்தில் நிற்க, அதன் ஷோர்ட்ஸ்டொப் அலெக்ஸ் ரொட்ரிகெஸ் விருதைப் பெற்றார். 1958, 1959 இரண்டிலும் தோல்விகள் மிகுந்த கப்ஸ் அணியிலிருந்து ஷோர்ட்ஸ்டொப் எர்னி பேங்ஸ் தொடர்ந்து விருதை வென்றார். எனினும் டோசன், ரொட்ரிகெஸ், பேங்ஸ் மூவரும் ஹோம் ரன்களால் கண்ணைப் பறித்தவர்கள். எங்கள் ஷோர்ட்ஸ்டொப் அப்படிப்பட்டவரல்லர். அவருக்கு நெருங்கிய உறவு 1944இன் மார்ட்டி மேரியன். சென். லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஷோர்ட்ஸ்டொப்பான மேரியன் அந்த ஆண்டு 0.267 சராசரியோடு 6 ஹோம் ரன்கள் மட்டுமே அடித்தார். நஷனல் லீக்கில் ஹோம் ரன்களிலும் ஆர்பிஐயிலும் முதலிடம் பெற்ற பில் நிக்கல்சனை 190க்கு 189 என்று ஒரே ஒரு புள்ளியால் முந்தி விருதைப் பெற்றார். மேரியனின் அணி வெற்றிவாகை சூடிய அணி என்பதையும் சொல்லவேண்டும். எனவே எங்கள் ஷோர்ட்ஸ்டொப்புக்கு எல்லாவிதத்திலும் பொருந்தும் முன்னுதாரணம் ஒன்று கிடைக்கவில்லை. பாதி பேங்ஸிடமும் பாதி மேரியனிடமும் இருக்கிறது.

இதுவரை சொன்னவை எந்த பேஸ்போல் லீக்குக்கும் பொருந்தும். கணினி லீக்குக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் அதுதான். அதை எழுப்பியவர் காரைதீவிலிருந்து ஆடும், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவரை எல்லோரும் சேர் என்றே அழைப்போம். எங்கள் லீக்கில் திறன் மதிப்பீடுகள் மறைக்கப்படவில்லை. எந்த வீரருடைய பக்கத்தைத் திறந்தாலும் அவருடைய உண்மையான திறன் 20 முதல் 80 வரையான அளவில் எழுதப்பட்டிருக்கும். ஷோர்ட்ஸ்டொப்பின் பக்கத்தைத் திறந்து பார்த்த சேர், பந்தைத் தொடும் திறன் சராசரிக்குச் சற்று மேலே மட்டுமே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்துகளில் பத்துக்கு மூன்று பாதுகாப்பான அடிகளாவது பேஸ்போலின் பொதுவான போக்கு; எங்கள் ஷோர்ட்ஸ்டொப்புக்கு இந்த ஆண்டு அதைவிடக் கணிசமாக அதிகம் வாய்த்திருக்கிறது. ஆகவே இது இயந்திரத்துக்குள் உருளும் தாயக்கட்டையின் தயவு, அடுத்த ஆண்டு இந்த வீரர் இப்படி ஆடமாட்டார் என்பது சேரின் முடிவு. முதல் தள வீரரின் பலமோ மதிப்பீட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது, களத்திலும் வெளிப்பட்டிருக்கிறது.

சேரின் கணிப்பு சரியானது என்றே நினைக்கிறேன். இருவரில் ஒருவரை என் அணிக்குப் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பு நாளை வந்தால், அந்த மதிப்பீடுகளைப் பார்த்தே முடிவெடுப்பேன். ஆனால் விருது என்பது அடுத்த ஆண்டைப் பற்றிய கணிப்பல்ல. முடிந்த 162 ஆட்டங்களில் எது நடந்ததோ அதற்கு வழங்கப்படுவது. அந்தப் பந்துகள் இடைவெளிகளில் விழுந்தன. ஓட்டக்காரர்கள் வீடு சேர்ந்தார்கள். அந்த ஓட்டங்களால் ஆட்டங்கள் வெல்லப்பட்டன. அதிர்ஷ்டத்தால் வந்த ஓட்டம் என்று எந்த ஓட்டத்தையும் புள்ளிப்பலகையிலிருந்து அழித்துவிட முடியாது. மெய்யான பேஸ்போலில் வாக்களிப்பவருக்கு வீரரின் உண்மையான திறன் ஒருபோதும் தெரியாது. கண்முன் நடந்ததை மட்டுமே வைத்து அவர் தீர்மானிக்கிறார். எங்களுக்கு மட்டும் திரைக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் வசதி இருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தி வாக்களித்தால், பருவகாலம் தொடங்கும் முன்னரே, ஓர் ஆட்டமும் ஓட்டாமல், மதிப்பீடுகளை அடுக்கிப் பார்த்து விருதை வழங்கிவிடலாம். அப்படியானால் வாரந்தோறும் வரிசை அமைத்து, காயமடைந்தவருக்கு மாற்றுத் தேடி, முடிவு வரும்வரை விழித்திருந்து நாங்கள் நடத்திய ஆறு மாதங்கள் எதற்காக?

சேர் உடனே கேட்ட எதிர்க்கேள்வியும் கூர்மையானது. நடந்ததைத்தான் பார்க்கவேண்டும் என்றால், முதல் தள வீரரின் ஆர்பிஐயும் நடந்ததுதானே? அதிர்ஷ்டத்தால் விழுந்த அடிகளை ஏற்றுக்கொள்ளும் நான், வாய்ப்பால் சேர்ந்த ஆர்பிஐயை ஏன் ஏற்க மறுக்கிறேன்? இதற்குப் பதில் தேடப் பல நாட்களாயின. பந்து எங்கே விழுந்தாலும் அதை அடித்தவர் அவர்தான். அந்த நிகழ்வில் துடுப்பைப் பிடித்திருந்த கை அவருடையது. தளத்தில் ஆள் நின்றதோ இன்னொருவரின் செயல். அதனால் முதலாவது நிகழ்வு முழுவதும் அவர் கணக்கில் எழுதப்படலாம். இரண்டாவதில் அவருக்குரிய பங்கு மட்டுமே எழுதப்படவேண்டும். அந்தப் பங்கை ஓரளவு பிரித்துக் காட்டும் கணக்கும் மென்பொருளில் இருக்கிறது. ஒவ்வொரு துடுப்பாட்ட வாய்ப்புக்கும் முன்னரும் பின்னரும் அணியின் வெற்றி வாய்ப்பு எவ்வளவு மாறியது என்று அது கூட்டிக்கொண்டே வரும். அந்தக் கணக்கில் முதல் தள வீரர் சற்று முன்னால் நிற்கிறார் என்பதைக் காக்காவின் தரப்புக்கு நானே எடுத்துச் சொன்னேன். களத்தடுப்பு அதில் சேர்வதில்லை என்பதால் அது என் வரிசையை மாற்றவில்லை, இடைவெளியைக் குறைத்தது.

களத்தடுப்பைப் பற்றி இன்னொன்று. 2012இல் ட்ரவுட்டின் களத்தடுப்பு எண்களை நம்பலாமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. எந்தப் பந்தை எவர் எட்டியிருக்கவேண்டும் என்பதை மனிதர்கள் பார்த்துத் தீர்மானித்த கணக்குகள் அவை. எங்கள் லீக்கில் அந்த ஐயத்துக்கு இடமே இல்லை. ஒரு பந்து பிடிபட்டதா இல்லையா என்பதைத் தீர்மானித்த இயந்திரமே, அது பிடிபடக்கூடிய பந்தா என்பதையும் பதிவு செய்கிறது. களத்தடுப்பை மனம்போனபடி தள்ளுபடி செய்ய மெய்யான லீக்கில் ஒரு சாட்டு இருக்கலாம். இங்கே அதுவும் இல்லை.

மைதானத்தையும் பார்க்கவேண்டும். முதலாம் இடத்து அணியின் சொந்த மைதானம் ஹோம் ரன்களுக்கு மிகச் சாதகமானது. அந்தச் சாதகத்தின் அளவு கோப்பிலேயே எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கும் டென்வரில், மெல்லிய காற்றில் பந்து அதிக தூரம் போகும் என்பதால், கொலராடோ ரொக்கீஸ் வீரர்களின் எண்களை எல்லோரும் ஐயத்தோடு பார்ப்பது வழக்கம். ஆனால் 1997இல் அந்த அணியிலிருந்து எம்விபியான லெரி வோக்கர் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளி மைதானங்களில் அடிக்கப்பட்டவை. எனவே மைதானத்தைக் கண்டதும் கழித்துவிடாமல், பிரித்துப் பார்ப்பதே முறை. பிரித்துப் பார்த்தேன்: எங்கள் முதல் தள வீரர் வோக்கரைப் போன்றவரல்லர், அவருடைய ஹோம் ரன்களில் பெரும்பகுதி சொந்த மைதானத்தில் அடிக்கப்பட்டவை.

ஒடானியின் பெயரைச் சொல்லிக் காக்கா ஒரு முறை என்னை மடக்கப் பார்த்தார். 2024இல் ஷோஹெய் ஒடானி ஒரு நாள்கூடக் களத்தடுப்பில் நிற்காமல், பந்தும் வீசாமல், துடுப்பாட்டத்துக்கு மட்டும் நியமிக்கப்பட்டவராக ஆடி, எல்லா முதலிட வாக்குகளையும் பெற்று எம்விபியானார். அப்படியிருக்க, முதல் தளத்தில் நிற்பவருக்கு இடத்தின் பெயரால் ஏன் கழிக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். ஒடானிக்கும் கழித்தார்கள், இன்னும் அதிகமாகவே கழித்தார்கள். 54 ஹோம் ரன்களும் 59 தளத் திருட்டுகளும் சேர்ந்த ஒரு பருவகாலம் அந்தக் கழிவுக்குப் பின்னரும் மற்றெல்லோரையும் தாண்டி நின்றது. ஹோம் ரன்களிலும் ஆர்பிஐயிலும் முதலிடம் பெறுவதே போதும் என்ற நிலை இன்று அங்கும் இல்லை. 2025இல் சியாட்டில் மரினர்ஸின் கெட்சரான, அதாவது துடுப்பாட்ட வீரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவரான, கால் ராலி 60 ஹோம் ரன்களோடு இரண்டிலும் அமெரிக்கன் லீக்கின் முதலிடத்தில் இருந்தும், 30 முதலிட வாக்குகளில் 13 பெற்று, 17 பெற்ற ஆரன் ஜட்ஜிடம் விருதை இழந்தார். அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை, கெட்சரின் உழைப்புக்கு இன்னும் எடை கொடுத்திருக்கலாம். எப்படியாயினும், ஆர்பிஐ முதலிடம் மட்டும் விவாதத்தை முடித்துவைக்காது என்பதற்கு அது சாட்சி.

பிட்சரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிட்சர்களுக்கென்று தனி விருது இருப்பதால் அவர்களுக்கு எம்விபி கொடுக்கக்கூடாது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. 1999இல் பெட்ரோ மார்ட்டினெஸ் 23 வெற்றிகளும் 313 ஸ்ட்ரைக் அவுட்டுகளும் பெற்று, மற்ற எவரையும்விட அதிக முதலிட வாக்குகளைப் பெற்றிருந்தும், இரண்டு வாக்காளர்கள் அவருடைய பெயரைச் சீட்டில் எங்குமே எழுதாததால் இவான் ரொட்ரிகெஸிடம் 13 புள்ளிகளால் தோற்றார். அத்தகைய அநீதி எங்கள் லீக்கில் நடக்கக்கூடாது. 2011இல் ஜஸ்டின் வெர்லண்டரும் 2014இல் கிளேட்டன் கெர்ஷோவும் பிட்சர்களாக எம்விபி பெற்றதும் சரியே. எங்கள் பிட்சர் ஆகஸ்ட்டில் காயத்தால் பல வாரங்கள் ஆடவில்லை. அதனால் அவர் என் சீட்டில் மூன்றாமவர். காயமில்லாதிருந்தால் முதலாமவராகவே இருந்திருப்பார்.

வாக்களிப்பவர்களே அணி வைத்திருப்பவர்களாகவும் இருப்பதால், தன் அணி வீரருக்கு எவரும் வாக்களிக்கக்கூடாது என்ற விதியை ஆரம்பத்திலேயே வகுத்தோம். ஷோர்ட்ஸ்டொப்பை வைத்திருப்பவர் திருக்கோவிலைச் சேர்ந்த தம்பி ஒருவர், எங்களில் இளையவர். தன் வீரருக்காக இதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார். அவருடைய நாகரிகத்தை மதிக்கிறேன். ஆனால் முதல் தள வீரரின் பக்கம் குரல்கள் அதிகமாகவும் அனுபவம் மிக்கவையாகவும் இருக்கையில், பேசாதவரின் வீரர் பேசப்படாமலே போய்விடும் அபாயம் இருக்கிறது. இவ்வளவு நீளமாக எழுத என்னைத் தூண்டியது அதுவும்தான். என் அணியிலிருந்து எவரும் இந்தப் போட்டியில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சீட்டில் முதலிடம் ஷோர்ட்ஸ்டொப்புக்கு, இரண்டாம் இடம் முதல் தள வீரருக்கு, மூன்றாம் இடம் பிட்சருக்கு. நான்காம் இடத்துக்கு இரண்டு கெட்சர்களுக்கிடையே இன்னும் தீர்மானிக்கவில்லை. அதற்குக் கீழே உள்ளவற்றைக் களத்தடுப்புக் கணக்குகளை மீண்டும் ஒரு முறை பார்த்து நிரப்புவேன். கொமிஷனரிடம் ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன்: ஒவ்வொருவரும் முதலிடத்துக்கு எழுதும் பெயரோடு, அதற்கான காரணத்தை இரண்டு மூன்று வரிகளில் சேர்த்து அனுப்பவேண்டும், அவை எல்லாம் வந்த பிறகே பிளேஓஃப் கோப்பை ஓட்டவேண்டும். காக்கா இதற்குச் சம்மதித்துவிட்டார். சேர், காரணங்களோடு கணக்கையும் இணைக்கவேண்டும் என்கிறார். அதற்கு என் முழு ஆதரவு உண்டு.